கூட்டினால் எட்டு

உள்ளறையில், காரை விற்கிற அந்தம்மா என் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறார். நடுவில் ஒரு திரைச்சீலைதான். அதற்குப் பின்னால் ஆமாங்க, சரிங்க, அப்படிங்களா என்று அவர் பக்கத்துப் பேச்சு மட்டும் உடைந்து உடைந்து வருகிறது. என் அம்மாவின் பக்கம் எனக்குக் கேட்காது, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, பிறந்ததிலிருந்து கேட்கிற குரல்தானே, யார் எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி போட்டு உடைத்துவிடுகிற குரல். ஞாயிற்றுக்கிழமை, தருமபுரியில் மீன் கழுவிக்கொண்டிருந்திருப்பாள், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தெரியாத எண்ணாக இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டே எடுத்திருப்பாள். அந்த எண்ணை நான்தான் சொன்னேன். கடைசி இலக்கத்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம், அம்மா ஊரில் இல்லை, அம்மாவுக்குக் காது மந்தம், எவ்வளவோ சொல்லியிருக்கலாம், பொய் சொல்லத் துணிந்தவன் முழுதாகத் துணிந்திருக்க வேண்டும், நான் பாதிப் பொய்யில் காலை வைத்துவிட்டு மீதிப் பாதியில் யோக்கியனாகிவிட்டேன். வண்டி நம்பரைக் கூட்டினால் எட்டு வருதுங்கம்மா, எங்கம்மா இதெல்லாம் ரொம்பப் பார்ப்பாங்க, வீட்டுல ஒத்துக்கவே மாட்டாங்க. இதுதான் நான் சொன்னது. என் அம்மா எட்டாம் தேதி பிறந்தவள். வருடா வருடம் அன்றைக்குத் தன் கையாலேயே கேசரி கிண்டி, எட்டுக்குப் பயப்படுகிறவர்கள் சாப்பிட வேண்டாம் என்று அக்கம்பக்கத்தையெல்லாம் கிண்டல் செய்துகொண்டே பரிமாறுகிறவள். அவளைப் போய் நம்பர் பார்க்கிறவள் ஆக்கிவிட்டேன், அதுவும் காரின் விலையில் கொஞ்சம் குறைவதற்காக. இன்னும் சற்று நேரத்தில் திரை விலகும், அந்தம்மா வெளியே வருவார், அப்போது இந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டீப்பாயில் நான் வைத்த அட்வான்ஸ் கவர் அப்படியே கிடக்கிறது, அவர் இன்னும் அதைத் தொடவில்லை. காபியில் ஆடை படிந்துவிட்டது.

கார் வாங்குகிற வயதா இது, வருமானமா இது. புள்ளியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பவன் நான், மாதாமாதம் வர வேண்டிய உதவித்தொகை மாதாமாதம் வராமல் ஒரு வருடம் கழித்து மொத்தமாக வந்து விழுந்தது, விழுந்ததும் புத்தி கெட்டுப்போனது. அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, பஸ் படியில் அவள் ஏறுவதற்குள் பின்னால் நிற்கிறவர்கள் முதுகில் கை வைத்துத் தள்ளுகிறார்கள், மாதம் ஒரு தடவை சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும், அதற்காகத்தான் கார். இது நிஜம். கேட்கிறவர்களிடம் எல்லாம் இதைச் சொல்கிறேன், சொல்லச் சொல்ல இது நிஜம்தானா என்று எனக்கே சந்தேகம் தட்டுகிறது, ஏனென்றால் நேற்று பூராவும் நான் போனில் தேடிக்கொண்டிருந்தது முழங்கால் வலிக்கு எந்த சீட் தோதானது என்று அல்ல, பழைய காரில் பொருத்துகிற பாட்டுப்பெட்டி என்ன விலை என்று. எத்தனை வண்டி பார்த்தாயிற்று. வெள்ளத்தில் நின்ற வண்டி ஒன்று, உள்ளே ஏறினாலே ஈரச் சாக்கு நாற்றம், விற்கிறவர் அதை மறைக்க டேஷ்போர்டில் ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார். இன்னொன்றுக்கு உடம்பெல்லாம் பழைய சிவப்பு, ஒரு கதவு மட்டும் புதுச் சிவப்பு. இன்னொன்று நன்றாக இருந்தது, விலையைக் கேட்டதும் நானே கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். அறையில் கூட இருக்கிற ஷாநவாஸ்தான் வழி காட்டினான், அவன் மாமா உக்கடத்தில் பழைய கார் வாங்கி விற்கிறவர். எட்டு நம்பர் வண்டியா பாருடா, உங்க ஆளுங்க தொட மாட்டாங்க, வண்டி புதுசு மாதிரி இருக்கும், வெலை தரையில கெடக்கும் என்றான். நீயா எட்டுன்னு ஆரம்பிக்காதே, அவங்க வாயிலேர்ந்து வர வை, வந்ததும் ஒரு பெருமூச்சு விடு, வெலை தானா இறங்கும் என்றான். பெருமூச்சு விடு என்று அவன் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வாசலில் நிற்கிற இந்த வண்டியின் நம்பர் 5921. நான்கையும் கூட்டினால் பதினேழுதான் வருகிறது, யாருக்கும் தீங்கு நினைக்காத பதினேழு. அதோடு விட்டார்களா, அதையும் பிடித்து இழுத்து ஒன்றையும் ஏழையும் கூட்டுகிறார்கள், அப்போதுதான் எட்டு. இவ்வளவு பாடுபட்டு ஒரு கெட்டதைத் தேடிக் கண்டுபிடிக்க எங்களால்தான் முடியும். அதை வைத்து ஆதாயம் பார்க்கவும் எங்களால்தான் முடியும் போலிருக்கிறது.

கிரில் கதவு வழியே வண்டி பாதி தெரிகிறது. வெள்ளை ஆல்டோ, மேலே போர்த்தியிருந்த உறையை மடித்து அதன் தலையிலேயே வைத்திருக்கிறார்கள். காலையில் வந்ததும் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அந்தம்மா, பெயர் கோகிலவாணி, ஐம்பது ஐம்பத்திரண்டு வயது இருக்கும், சாவியைக் கொடுத்துவிட்டுத் தானும் வந்தார், ஆனால் முன்னால் உட்காரவில்லை, பின் சீட்டில் ஏறிக்கொண்டு, லெஃப்ட்ல போங்க தம்பி, அங்க பள்ளம் கெடக்குது தம்பி என்று பின்னாலிருந்தே வழி சொல்லிக்கொண்டு வந்தார். டிரைவர் சீட் எனக்கு ரொம்பப் பின்னால் இருந்தது, கிளட்சை நுனிக்காலால்தான் மிதிக்க முடிந்தது, சீட்டை முன்னால் இழுக்கலாம் என்று கீழே கை விட்டேன், கண்ணாடியில் அந்தம்மா என் கையையே பார்ப்பது தெரிந்தது, விட்டுவிட்டேன். அது அவர் கணவர் நாச்சிமுத்து உட்கார்ந்து வைத்த இடம். பம்ப்செட் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தவர். சுவரில் மாட்டியிருக்கிற போட்டோவில் மார்பளவுதான் தெரிகிறது, உயரமானவர் என்பதை சீட்தான் சொன்னது. கியருக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தில் ஒரு சீப்பும் மூக்குக்கண்ணாடி உறையும் கிடந்தன. சீப்பில் முடிகூட இருந்தது. சிங்காநல்லூர்க் குளம்வரை நுனிக்காலால் மிதித்துக்கொண்டே போய்த் திரும்பினேன், இன்ஜின் முனகவில்லை, பிரேக் வைத்த இடத்தில் நின்றது, டயர்தான் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. நல்ல வண்டி. அதை நான் அவரிடம் சொல்லவில்லை, முகத்தைச் சப்பென்று வைத்துக்கொண்டேன். திரும்பி வந்து இந்தக் கூடத்தில் உட்கார்ந்த பிறகுதான் அவரே சொல்ல ஆரம்பித்தார். பல்லடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறார்கள், வழியில் நெஞ்சு கரிக்குது என்றிருக்கிறார் நாச்சிமுத்து, ஒரு பேக்கரி ஓரமாக, வேப்பமர நிழல் பார்த்து வண்டியை ஒழுங்காக நிறுத்தி, நாலு மூலையிலும் விளக்கு மினுக்குகிற பொத்தானை அழுத்திவிட்டு, ஒரு சோடா வாங்கிட்டு வா என்றிருக்கிறார். பேக்கரிக்காரரிடம் சில்லறை இல்லை, அந்தம்மா பக்கத்துக் கடையில் போய் மாற்றிக்கொண்டு வந்து கொடுத்து சோடாவை வாங்கிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் வந்து நிக்கறேன், லைட்டு பாட்டுக்கு மினுக்கிக்கிட்டே இருக்குது தம்பி என்றார். வண்டியில் ஒரு கீறல் இல்லை. ரத்தக்குழாய் அடைப்பு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், சிகரெட் என்றும் சொல்லியிருக்கிறார், நாச்சிமுத்துவின் அப்பாவும் இதே மாதிரி இதே வயதில்தான் போனார் என்றும் சொந்தக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தம்மாவின் காதில் எதுவும் ஏறவில்லை. ஏனென்றால் இந்த வண்டியை வாங்க வைத்தவர் அவர்தான். திருப்பூரில் ஒருவர் விற்றது, நாச்சிமுத்து விரல் விட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாராம், இவர்தான், நம்பரைச் சொல்லியே வெலையைக் கொறைங்க, கொறைச்சா எடுத்துக்கலாம், மிச்சத்துல ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கலாம் என்று ஒற்றைக் காலில் நின்றாராம். கூடத்து மூலையில் அது நிற்கிறது, நீல நிறம், கதவில் பூப்படம். அதைக் கை காட்டித்தான் அந்தம்மா சொன்னார், அழாமல், கடைக்குப் போய் வந்ததைச் சொல்கிற மாதிரி.

"அந்தப் பணத்துல வந்ததுதானுங்க தம்பி அது. அவரைக் குடுத்துட்டு அதை வாங்கியிருக்கறேன்."

அங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வார்த்தைக்குப் பிறகு ஓர் இடைவெளி இருந்தது, அவர் புடவைத் தலைப்பில் இல்லாத ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார், நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான், எட்டு யாரையும் கொல்லாதுங்கம்மா. சொல்லத் தெரியாதவனா நான். போன வாரம்தான் இரண்டாமாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன், ஒன்று நடந்த பிறகு இன்னொன்று நடந்தது என்பதால் முன்னது பின்னதை நடத்தியது என்று ஆகிவிடாது, மாரடைப்பில் போனவர்கள் எல்லோருடைய வண்டி நம்பரையும் வாங்கிக் கூட்டிப் பாருங்கள், எட்டு அதன் பங்குக்குத்தான் இருக்கும், ஒன்பதும் ஐந்தும் இருக்கிற அளவுக்குத்தான் இருக்கும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன், பின் பெஞ்சில்கூடக் கவனித்தார்கள். எதிரே உட்கார்ந்து ஒரு பெண் என் புருஷனைக் கொன்றது நான்தான் என்று சொல்கிறார், இல்லை என்று சொல்வதற்கான படிப்பு என்னிடம் இருக்கிறது, அரசாங்கம் பணம் கொடுத்துப் படிக்க வைக்கிற படிப்பு, நான் பெருமூச்சு விட்டேன். அந்தப் பெருமூச்சு. அதை நினைத்தால் உட்கார்ந்திருக்கிற இடம் முள்ளாகிறது. அது பொய்ப் பெருமூச்சா என்று அப்போதிருந்து யோசிக்கிறேன், முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது, கையில் சோடாவோடு அவர் நின்ற நிற்பு கண்ணுக்குள் வந்தது, மூச்சு தானாகத்தான் கிளம்பியது, பாதி வழியில்தான் ஷாநவாஸ் நினைவுக்கு வந்தான், மீதிப் பாதியை நான் நீட்டிவிட்டேன். ஆமாங்கம்மா, எட்டு, என்று இழுத்தேன். எங்கம்மா ரொம்பப் பார்ப்பாங்க என்றேன். அந்தம்மா உடனே கலங்கிப்போய், நீங்களே ஒரு வெலை சொல்லுங்க தம்பி என்றுவிட்டார். ஒன்று இருபது, ஒரு லட்சத்து இருபதாயிரம், சொல்லியிருந்தவர். நான் தொண்ணூற்றைந்தாயிரம் என்றேன், அதையும் ஏதோ அவருக்காக மனம் இரங்கிச் சொல்கிற மாதிரி சொன்னேன். சரி, விலை பேசுவது குற்றமா, தக்காளிக்கே பேசுகிறோம். உக்கடத்து மாமாவாக இருந்தால் எண்பதுக்கு மேல் ஒரு ரூபாய் தர மாட்டார். சென்னையில் இருக்கிற மகளும் எந்த விலைக்காவது தள்ளிவிடும்மா, அது வாசலில் நிற்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம், ஆகப் பணம் இவர்களுக்குப் பெரிதில்லை, எனக்குத்தான் பெரிது, மிச்சத்தில் டயர் மாற்றலாம், இன்சூரன்ஸ் கட்டலாம், பெயர் மாற்றுகிற செலவு இருக்கிறது. நான் ஒன்றும் எட்டு கெட்டது என்று சொல்லவில்லையே, எட்டு என்றுதான் சொன்னேன், அது கூட்டல். ஒவ்வொரு சமாதானமும் கொஞ்ச நேரம் நிற்கிறது, பிறகு மூலையில் ஃப்ரிட்ஜ் ஒரு உறுமல் உறுமி ஓட ஆரம்பிக்கிறது, எல்லாம் போய்விடுகிறது. நான் விலையை மட்டும் குறைக்கவில்லை. அவர் தயங்கித் தயங்கிச் சொன்ன ஒன்றை ஆமாம் என்று சொல்லி உறுதிப்படுத்திவிட்டேன். டாக்டர் சொல்லி ஏறாதது நான் சொல்லி ஏறியிருக்கும், படித்த பையனே ஆமாம் என்கிறான் அல்லவா.

இதில் வேடிக்கை, அவர் அதற்காகத்தான் என் அம்மாவிடம் பேசப் போயிருக்கிறார். விலை முடிந்து நான் கவரை எடுத்து வைத்ததும் அதை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெத்தவங்களுக்குத் தெரியாம இதை உங்க கையில குடுக்க மாட்டேனுங்க தம்பி, அவங்க சரின்னு சொன்னாத்தான், நம்பர் சொல்லுங்க என்றார். என் தலையில் கட்டிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டியவர், என் உயிருக்குக் காவல் நிற்கிறார். நான் அவர் வயிற்றெரிச்சலில் தள்ளுபடி வாங்கிக்கொண்டிருக்கிறேன். சுவரிலிருந்து நாச்சிமுத்து பார்க்கிறார், போட்டோவுக்குக் கீழே குட்டிச் சிவப்பு பல்பு எரிகிறது, பார்வையில் கோபம் ஒன்றும் இல்லை, ரேஷன் கார்டுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியிருப்பார்கள் போல. ஆனாலும் என்னால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. கை வேறு வேலையில்லாமல் கூட்ட ஆரம்பித்துவிட்டது. இந்த வீட்டின் கதவு எண் எழுபத்தொன்று, கூட்டினால் எட்டு. எங்கள் விடுதி அறை இருபத்தாறு, எட்டு. தேடினால் எட்டு எங்கும் கிடைக்கும், தேடுகிறவனுக்குக் கிடைக்கும், இதுவும் நான் நடத்துகிற பாடம்தான், இருந்தாலும் இடது பக்கம் லேசாகக் கரிக்கிற மாதிரி இருக்கிறது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தேன், அதனால் இருக்கும். அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்துச் சேலத்துக்குப் போகிறேன், தொப்பூர்க் கணவாய் தாண்டியதும் அம்மா கொஞ்சம் ஓரமா நிறுத்துடா என்கிறாள், என்னவோ மாதிரி இருக்கு, ஒரு சோடா வாங்கிட்டு வா என்கிறாள், கடைக்காரரிடம் சில்லறை இல்லை. சீ, என்ன நினைப்பு இது. அது நடந்தால் நடந்ததற்குக் காரணம் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, வயது, அவள் மாத்திரையை ஒழுங்காகப் போடாதது. அப்படித்தான் டாக்டர் சொல்வார். நானோ இந்த மாதிரி ஒரு கூடத்தில் உட்கார்ந்து, வண்டி பார்க்க வந்த யாரோ ஒரு மாணவனிடம், அந்த மிச்சத்துலதான் இந்தப் பாட்டுப்பெட்டி வாங்கினேன் என்று கை காட்டிக்கொண்டிருப்பேன். அப்போது என் கூட்டல் எனக்கே உதவாது. இப்படி உட்கார்ந்துதான் அந்தம்மாவும் ராத்திரி பகலாக அதையே சுற்றிச் சுற்றி வந்திருப்பார், வெளியே வர ஒரு வழி கேட்டிருப்பார், வழி தெரிந்த ஒருவன் வந்து உட்கார்ந்து, வழியை மறைத்துக்கொண்டு காபி குடிக்கிறான். குடிக்கவும் இல்லை. டம்ளரின் விளிம்பில் ஆடை சுருங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உள்ளே சிரிப்புச் சத்தம். அந்தம்மாதான். காலையிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை, மாதக்கணக்கில் சிரித்திருக்க மாட்டார், முதலில் இருமல் என்று நினைத்துவிட்டேன். என் அம்மா எதிராளியைச் சிரிக்க வைக்காமல் போனை வைக்க மாட்டாள், ராங் நம்பரில் வந்தவர்களிடம்கூட ஊர் பேர் விசாரித்துச் சிரிக்க வைத்துவிடுவாள். கேசரிக் கதை வந்துவிட்டது, சந்தேகமே இல்லை. எழுந்து போய்விடலாமா, கவர் கிடக்கட்டும், இல்லை கவரை எடுத்துக்கொண்டு போய்விடலாம், செருப்பு வாசலில்தான் இருக்கிறது, இந்த ஊரில் இந்தப் பக்கமே வராமல் ஆராய்ச்சியை முடித்துவிடலாம். ரொம்ப சந்தோசமுங்க, வெச்சிடறேனுங்க என்கிறது உள்ளே. பிறகு ஒன்றும் கேட்கவில்லை, வளையல் சத்தம்கூட இல்லை. போனை வைத்துவிட்டு அந்தம்மா உள்ளே நின்றுகொண்டே இருக்கிறார். எதை யோசித்து நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். திரைக்குக் கீழே அவர் பாதம் தெரிகிறது.

திரை விலகுகிறது. வந்து எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார், போனை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டார்.

"உங்கம்மா நல்ல மனுசிங்க தம்பி. எட்டாந்தேதி பொறந்தவங்களாமா."

நான் காபியைப் பார்த்தேன்.

"நம்பரைப் பாத்து எங்க வூட்டுல எதையும் ஒதுக்குனதில்லீங்க, அப்படி ஒதுக்குனா மொதல்ல என்னையத்தான் ஒதுக்கோணும்னு சிரிக்கறாங்க. பையன் கணக்குப் படிக்கறவன், அவன் இதையெல்லாம் நம்பவே மாட்டான்னாங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை, நாலு வார்த்தை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி போய்விடலாம். அவர் திட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அவர் முகத்தில் இருந்தது கோபமே இல்லை, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது, எனக்கு அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது.

"நெசமாலுமே நீங்க நம்பறதில்லீங்களா?" என்றார்.

"இல்லைங்கம்மா."

"அப்ப அந்த எட்டுல ஒண்ணுமே இல்லீங்களா?"

ஒன்றுமே இல்லை என்றேன். பிறகு வாய் நிற்கவில்லை, அப்போது சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் இப்போது முண்டியடித்துக்கொண்டு வந்தது, சாருக்கு வந்தது ரத்தக்குழாய் அடைப்பு, எந்த வண்டியில் போயிருந்தாலும் வந்திருக்கும், வண்டியே வாங்காமல் பஸ்ஸில் போயிருந்தாலும் வந்திருக்கும், அவர் அப்பாவுக்கும் அப்படித்தானே, அவருக்கு ஏது எட்டு, நீங்கள் வாங்கச் சொன்னதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இதைத்தான் நான் காலேஜில் பாடமாக எடுக்கிறேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே விற்பவன் குரலாகக் கேட்டது. ஆனால் அந்தம்மா கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டினார், ஒரு தடவை மூலையில் இருந்த ஃப்ரிட்ஜைப் பார்த்தார். கையில் சோடாவோடு அந்த வண்டிப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பவர் இனி அங்கிருந்து நகர்ந்துவிடுவார், நகர்ந்துவிட்டார் என்றே நினைத்தேன். அப்போது முன்னால் குனிந்து, ரகசியம் கேட்பது மாதிரியும் கெஞ்சுவது மாதிரியும் கேட்டார்.

"அப்படீன்னா மொதல்ல சொன்ன வெலைக்கே எடுத்துக்கறீங்களா தம்பி?"

அது பேரம் இல்லை. எந்த விலைக்காவது தள்ளிவிடு என்றுதான் அவர் மகளே சொல்கிறாள். நான் சொன்னது உண்மையா, இல்லை வண்டி கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று சொன்னதா, அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழி இல்லை, எட்டுக்கு ஒரு விலை உண்டு என்று காட்டியவனே நான்தானே. எடுத்துக்கறேங்கம்மா என்று உடனே சொல்லிவிட்டால் போதும். எல்லாம் எனக்குப் புரிந்தது. பணமும் இருக்கிறது, வங்கியில் இருக்கிறது, ஒன்று இருபது கொடுத்தாலும் ஊருக்குப் போகிற அளவுக்கு மிஞ்சும். வாயைத் திறந்தேன். டயர். இன்சூரன்ஸ் இந்த மாதத்தோடு முடிகிறது. பாட்டுப்பெட்டி, கறுப்பு, நீல விளக்கு எரிகிறது, நேற்று பார்த்தது. கணக்குப் போட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, மூலையில் ஃப்ரிட்ஜ் ஓட்டத்தை நிறுத்தி ஒரு குலுங்கு குலுங்குகிற நேரம்தான், அதற்கு மேல் இல்லை.

"எடுத்துக்கறேங்கம்மா," என்றேன்.

அந்தம்மா அதற்குள் என்னைப் பார்ப்பதை விட்டிருந்தார். சுவரில் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு தலையை ஆட்டினார், எனக்கு அல்ல, அவருக்கு. முகத்தில் கோபம் இப்போதும் இல்லை. எதிர்பார்த்த மதிப்பெண்தான் வந்தது என்கிற மாதிரி இருந்தது. கையை நீட்டி, காலையிலிருந்து தொடாத கவரை எடுத்து, எண்ணிப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டார். நான் மறுபடியும், முழு விலையும் தர்றேங்கம்மா, நாளைக்கே தர்றேன் என்றேன். இன்னொரு தடவையும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"வேண்டாமுங்க தம்பி, பேசுன வெலையே குடுங்க," என்றார். "எட்டு நம்பர் வண்டிக்கு அதுக்கு மேல வாங்குனாப் பாவமுங்க."

காபி ஆறிப்போச்சு, சுட வெச்சுக் கொண்டாரேன் என்று டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.